கோமுகத்து நங்கையார்

திருநெருஞ்சியூர்க் கோயிலின் வடபுறத்தில், கருவறைச் சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் கல் வாய் ஒன்று உண்டு. கோமுகம் என்பார்கள். இறைவனுக்கு ஆட்டிய பாலும் தயிரும் எண்ணெயும் தேனும் அதன் வழியேதான் வெளியேறும். கீழே ஒரு குழி. உள்ளே இறைவன் நெருஞ்சியுடைய நாயனாரின் திருமேனியில் வழியும்போது பால் பாலாகத்தான் இருக்கும். குழிக்கு வந்து ஒரு பகல் வெயில் பட்டால் போதும். திரிந்து, புளித்து, வாடிய மாலைகளோடு கூழாகி, மேலே பச்சைப் படலம் கட்டிவிடும். மறுநாள் அதில் புழு நெளியும். அந்தக் குழியை வாரிக் கொட்டிக் கழுவுவதே நங்கையார் பிறந்த குடிக்கு விதித்த தொண்டு. தந்தை காடனாருக்கு இடுப்பு விழுந்தபின், பன்னிரண்டாம் வயதில் நங்கையார் கூடையை எடுத்தார்.

அடியார் கதை சொல்பவர்கள், அடியார்களுக்கு நாற்றமும் மணமும் ஒன்றே என்று சொல்லிவிடுவது வழக்கம். நங்கையாருக்கு அப்படி இல்லை. நன்றாகவே நாறியது. குழிக்குள் இறங்கி முதல் கூடை அள்ளும்போது, ஒரு நாள் தவறாமல், அவருக்குக் குடல் புரண்டு வாய்க்கு வந்தது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, கோமுகத்தின் அடியில் வலக்கையை வைத்து, "குமட்டுது சாமி. ஆனாலும் உன்னோடது" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான். பிறகு இரண்டாம் கூடையை அள்ளுவார்.

அந்த நாளில் வெண்குன்றத்தைத் தலைநகராகக் கொண்டு, மலை முதல் கடல் வரை ஆண்டவர் பேரரசர் மாறவேள். ஒரு மாசிமகத்தன்று அவர் பரிவாரங்களோடு வழிபட வந்தார். பிராகாரம் சுற்றி வடபுறம் திரும்பியதும் உடன் வந்த தலைவர்கள் எல்லோரும் பட்டு மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அரசர் மட்டும் கோமுகத்து நீரைத் தலையில் தெளித்துக்கொள்ள நெருங்கினார். படிந்திருந்த நெய்ப் பிசுக்கு காலை வாரிவிட, மணிமுடியோடு குழிக்குள் விழுந்தார்.

யாரும் கை கொடுக்கவில்லை. "ஐயோ, ஐயோ" என்றார்கள்; "கயிறு கொண்டு வாருங்கள்" என்றார்கள்; ஒருவர் அழக்கூடச் செய்தார். எல்லாம் பத்தடி தள்ளி நின்றுதான். பேரரசர் மார்பளவு அழுகலில் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தார். கூடையோடு வந்த நங்கையார் அதைப் பார்த்தார். குழியில் இறங்கி அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"வழுக்கும் சாமி. குதிகாலை ஊனிக்கிட்டு வாங்க."

மேலே ஏறிய அரசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம் தலைவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பின் நங்கையாரிடம் திரும்பினார்.

"எல்லாரும் மூக்கைப் பிடிச்சாங்க. நீதான் என் கையைப் பிடிச்சே" என்றார்.

அடுத்த மாதமே அவரை மணந்தார். நங்கையார் கேட்டுப் பெற்றது ஒன்றுதான்: தலைநகரிலிருந்து ஒரு நாழிகை வழியிலுள்ள திருநெருஞ்சியூருக்கு விடியலில் போய்த் தம் தொண்டைச் செய்து வருவதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது. அரசர் சிரித்து ஒப்புக்கொண்டார்.

அரண்மனையில் நங்கை மாதேவியார் என்று பெயர் நீண்டது. நாற்றம் நீங்கவில்லை என்றார்கள் அந்தப்புரத்துப் பெண்கள். அவர் உட்கார்ந்த இருக்கையைக் கழுவினார்கள். அவர் வரும் வழியில் வேண்டுமென்றே சாம்பிராணி போட்டார்கள். தேவியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கும் அங்கே அருவருப்பு இருந்தது. முதல் விருந்திலேயே கண்டுகொண்டார். ஒரு கடி கடித்துவிட்டு எறிந்த மான் தொடைகள், கம்பளத்தில் உமிழ்ந்த வெற்றிலைச் சாறு, ஒருவன் எச்சிலை இன்னொருவன் கையேந்தி வாங்கிக்கொண்டு "என்ன பாக்கியம்" என்று பல்லைக் காட்டியது. அன்றிரவு அவர் உணவைத் தொடவில்லை. குழியில் புழு நெளிவது அதன் இயல்பு. இவர்கள் விரும்பியல்லவா நெளிகிறார்கள் என்று நினைத்தார்.

ஏழாம் ஆண்டு, எல்லைப் போரில் மாறவேளின் தொடையில் வேல் பாய்ந்தது. புண் கறுத்துச் சீழ் வைத்தது. மருத்துவர்கள் வாசலில் நின்றே மருந்து சொன்னார்கள். அரசரின் உப்பைத் தின்ற தலைவர்கள் நலம் கேட்டு ஓலை மட்டும் அனுப்பினார்கள். பதினொரு நாள் தேவியாரே அந்தப் புண்ணைக் கழுவினார். ஒவ்வொரு முறையும் குமட்டியது. முகத்தைத் திருப்பி விழுங்கிக்கொண்டு மறுபடி கழுவினார். பன்னிரண்டாம் நாள் அரசர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டார்.

"நம்ம பிள்ளை கண்டனுக்கு ஐஞ்சு வயசு. அவன் தலையெடுக்கிற வரைக்கும் நீ ஆளு. அவங்க கையில குடுத்துடாதே" என்றார். அன்று மாலையே உயிர் பிரிந்தது.

இளவரசன் கண்டனுக்கு முடி சூட்டினார்கள். அவன் பெயரால் நங்கை மாதேவியார் பேரரசை ஆளத் தொடங்கினார். தலைமை அமைச்சர் சோமன் விழுப்பரையர், குழி வாரியவளுக்கு ஓலையில் முத்திரை வைக்கத் தெரிந்தால் போதும், மற்றதை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். தேவியாரோ ஒவ்வோர் ஓலையையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆறு மாதத்தில் விழுப்பரையரின் சிரிப்பு சுருங்கிவிட்டது.

அந்தக் கோடையில் வெண்குன்றத்தில் பேதி கண்டது. நெசவு செய்யும் கைக்கோளர் தெருவிலும் குயவர் தெருவிலும் ஒரே வீட்டில் இரண்டு பாடை எழுந்தது. தலைவர்கள் வாழும் மாளிகைத் தெருவில் மட்டும் ஒருவரும் சாகவில்லை. தேவியார் பல்லக்கை விட்டிறங்கி, ஊரார் குடிக்கும் பெருங்குளத்தின் கரையோடு நடந்து பார்த்தார். மேற்குக் கரையில், கோரைப்புல் மறைவில், செங்கல் கட்டிய வாய்க்கால் ஒன்று குளத்தில் கலந்தது. அதில் வந்தவற்றை எழுதினால் ஓலை கூசும். மாளிகைத் தெருவின் கொல்லைப்புறங்கள் எல்லாம் அதில்தான் கழிந்துகொண்டிருந்தன. அவர்கள் குடிப்பதற்கோ முற்றத்துக்குள் தனிக் கிணறு இருந்தது.

அன்று அவைக்களத்தில் அந்த வாய்க்காலை அடைக்கச் சொன்னார். விழுப்பரையர் எழுந்தார்.

"மாளிகைக் கழிவு வேற எங்கதான் போகும் தேவியாரே? எங்க வாய்க்குள்ளயா?"

அவை நகைத்தது. தேவியார் நகைக்கவில்லை.

"வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரியாது விழுப்பரையரே. வெளிய வர்றதை ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

மறுநாள் அவரே ஆட்களோடு போய் வாய்க்காலை அடைத்தார். குளத்து நீரை வடித்தார்கள். அடியில் முழங்காலளவு கருஞ்சேறு. அதன் நாற்றத்தில் வேலைக்காரர்களே பின்வாங்கினார்கள். தேவியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினார். எல்லோரும் பார்க்கக் குனிந்து ஓங்கரித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூடையை நீட்டினார். நோயில் மகளைப் பறிகொடுத்த செங்காணி என்ற நெசவுக்காரி, "தாயே, நீங்களா?" என்று கதறியபடி அவர் பக்கத்தில் இறங்கினாள். பின்னாலேயே தெரு முழுவதும் இறங்கியது. பதினேழு நாள் வாரினார்கள்.

விழுப்பரையர் காத்திருந்தது இதற்குத்தான். மலச் சேற்றில் புரண்ட கை செங்கோலைத் தொடலாகாது, மன்னனையும் தொடலாகாது என்று அவையைக் கூட்டித் தீர்மானம் செய்தார். பதினேழாம் நாள் மாலை தேவியார் திரும்பியபோது அரண்மனைக் கதவு சாத்தியிருந்தது. மேல்மாடத்தில் விழுப்பரையர் நின்றார். அவர் பக்கத்தில் கண்டன். தாயைக் கண்டதும் அந்தக் குழந்தை, கற்றுக்கொடுத்த பாடம் போல, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தான்.

"நாறுது அம்மா! கிட்ட வராதீங்க!"

தேவியார் அசையாமல் நின்றார். எத்தனையோ அழுகலை அள்ளியவருக்கு அந்த நொடியில் வந்த அருவருப்பைப் போல் ஒருநாளும் வந்ததில்லை. அந்த மாடத்தின் மேல் வந்தது. அந்த மனிதரின் மேல் வந்தது. கண நேரம் பெற்ற பிள்ளை மேலும் வந்தது. அப்படி வந்ததை எண்ணித் தம் மேலேயே வந்தது. திரும்பித் திருநெருஞ்சியூருக்கு நடந்தார்.

கோமுகத்தடியில் கை வைத்தார். வழக்கமான சொல் வரவில்லை.

"உன் மேல பாலா ஊத்துறாங்க. என் கைக்குப் புழுவா வருது. இதைத்தான் இத்தனை வருசமா வாருறேன், ஒரு வார்த்தை சொன்னியா நீ? என் பிள்ளை மூக்கைப் பிடிக்கிறான்யா!" என்று ஏசினார். ஏசி முடித்ததும் குழியைப் பார்த்தார். பதினேழு நாளாக வாராமல் நிரம்பிக் கிடந்தது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு நாள் கழித்து ஆனித் திருமஞ்சனம். ஆயிரம் குடம் பாலாட்டி, இறைவன் திருமுன்னே ஆட்சியைத் தாம் ஏற்பதாக விழுப்பரையர் பறையறைவித்திருந்தார். மோதிரத்தை ஒப்படைக்கத் தேவியாரை வரச் சொல்லியிருந்தார். ஆனால் தீட்டு என்று கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே பட்டும் சந்தனமுமாகத் தலைவர்கள் நிறைந்திருக்க, மன்னனாகிய கண்டன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஈசான பண்டிதர் என்ற முதிய அர்ச்சகர் முதல் குடத்தைச் சாய்த்தார்.

பால் திருமேனியைத் தொட்டதும் கருவறையிலிருந்து நாற்றம் எழுந்தது.

எலி செத்திருக்கும் என்றார்கள். பால் கெட்டது என்றார்கள். அடுத்த குடம் சாய்த்தார்கள், நாற்றம் கூடியது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனத்தை அள்ளி அப்பினார்கள், அகிற்புகையால் கோயிலையே மூடினார்கள். திரிந்த பாலும் அழுகிய மாலையும் குளத்துச் சேறும் சேர்ந்த நாற்றம் அது. பட்டாடைகள் மூக்குக்கு ஏறின. விழுப்பரையர் தூணைப் பிடித்துக்கொண்டு, தம் பொன் சரிகை மேலேயே வாந்தி எடுத்தார். ஈசான பண்டிதர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

"வேற எங்கேயிருந்தும் வரலை. சுவாமி மேலேருந்துதான் வருது" என்றார்.

அப்போது கருவறைக்குள்ளிருந்து குரல் ஒன்று எழுந்தது. அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

"நீங்கள் ஆட்டிய பால் மறுநாள் என்ன ஆகிறது என்று பார்த்தவள் ஒருத்தி. அவளை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். அவள் மேல் வீசுவது என் வாசம். அது ஆகாதென்றால் நானும் உங்களுக்கு ஆகேன்."

பெரியவர்கள் நிலத்தில் விழுந்து கிடந்தார்கள். எழுந்து ஓடியது கண்டன் ஒருவன்தான். கோபுர வாசலில் காவலர்களுக்கிடையே நின்ற தாயிடம் போய், அவர் கையை இரண்டு கையாலும் பற்றினான்.

"அம்மா, சாமியும் நாறுது அம்மா. எல்லாரும் ஓடுறாங்க. நீங்க வாங்க" என்றான்.

தேவியார் அவனை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். காவலர் யாரும் தடுக்கவில்லை. வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாகக் கருவறையின் வாசற்படியை மிதித்தார். நாற்றம் முகத்தில் அடித்தது. அவருக்கும் குமட்டியது. தலைவர்கள் பார்க்க, பண்டிதர் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, அருகில் போய், வெறுங்கையால் திருமேனியை மேலிருந்து கீழாக வழித்துத் துடைத்தார்.

கை பட்ட இடமெல்லாம் நாற்றம் அடங்கியது. மழை விழுந்த மண்ணின் மணம் எழுந்தது. அவர் செவிக்கு மட்டும் கேட்கும்படி இறைவன் சொன்னார்:

"ஏசினாயே மகளே, கேட்டேன். குமட்டாதவர்க்கு என் குழியில் இறங்குவது எளிது. குமட்டிக்கொண்டே நாள்தோறும் இறங்கினாய். உனக்கு நான் என்ன சொல்வேன்?"

தேவியார் கல்லின் மேல் கன்னத்தை வைத்து அழுதார்.

ஆட்சியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. விழுப்பரையரைக் கழுவேற்றச் சொல்லி ஊர் கொதித்தது. அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் காலில் விழப்போனபோது தேவியார் முகத்தைச் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டார். "எந்திரிங்க. பாக்கச் சகிக்கலை" என்றார்.

பிறகு அவைக்குத் தீர்ப்பைச் சொன்னார்: "மாளிகைத் தெருக் கிணறு எல்லாத்தையும் மூடுங்க. அரண்மனைக் கிணத்தையும் சேர்த்துத்தான். இனிமே நாங்களும் மாளிகைத் தெருக்காரங்களும் பெருங்குளத்துத் தண்ணியைத்தான் குடிக்கணும். வேற தண்டனை கிடையாது."

அதன்பின் தலைவர்களே முறை வைத்துக் குளக்கரையைக் காவல் காத்தார்கள். வெண்குன்றத்தில் மறுபடி பேதி வரவில்லை.

பதினோராண்டு நங்கை மாதேவியார் செங்கோல் செலுத்தினார். கண்டன் தலையெடுத்ததும் மோதிரத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, திருநெருஞ்சியூரில் காடனாரின் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். எண்பது வயதுவரை தொண்டு செய்து, ஓர் ஆனி உத்திரத்தன்று இறைவன் திருவடியில் கலந்தார். முகம் சுளித்தாலும் கை சுளிக்காத அந்தத் தாயின் பேர் சொல்லி வாழ்வது, நமக்கு வாய்த்த பேறு.