குறட்டைக்கு ஐந்து இறகு

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டிட்டீ!"

சத்தம்தான் முதலில் வந்தது. யார், எங்கே என்று பார்ப்பதற்குள் புல் சரசரத்தது. புழுதி கிளம்பியது. ஒரு மான் கூட்டம் மொத்தமும் ஓடையைத் தாண்டிப் போய் நின்று மூச்சு வாங்கியது.

"புலி எந்தப் பக்கம்?" என்று கேட்டது ஒரு மான்.

"புலி இல்லையாம். ஆட்டம் நன்றாக இல்லையாம்," என்றது இன்னொரு மான்.

"அதற்கா இப்படி ஓடிவந்தோம்?"

"ஓடியாகிவிட்டது. இனி அதைப் பேசி என்ன? புல்லைத் தின்னு."

என்ன ஆட்டம், யார் கத்தியது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன், குழந்தைகளே.

அந்தக் காட்டில் ஒரு பாறைக் குகை இருந்தது. அதன் கூரையில் ஒரு பொத்தல். பிற்பகலில் சூரியன் சாய்ந்ததும் பொத்தல் வழியாக வெளிச்சம் சரிந்து வந்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழும். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்று, சுவரில் நிழல் காட்டிக் கதை சொன்னது ஓர் அழுங்கு.

அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில். வாயில் பல் கிடையாது. மனதில் தைரியமும் கிடையாது. யாராவது "என்ன?" என்று கேட்டாலே பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆனால் வெளிச்சத்துக்கு முன்னால் வந்துவிட்டால் அது வேறு பிராணி. வாலை நெளித்தால் சுவரில் ஆறு ஓடும். நகங்களை விரித்தால் பனங்காடு முளைக்கும்.

அதற்குத் துணை ஒரு கீரி. கட்டை தூக்குவது, வாசலில் கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, சண்டை வந்தால் போடுவது, எல்லாம் கீரிதான். சண்டை வராவிட்டாலும் போடும்.

குகை கரடிக்குச் சொந்தம். கரடிக்கு ஒரே ஆசை, தூக்கம். அதைவிடக் கொஞ்சம் பெரிய ஆசை, இலுப்பைப்பூ. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வாய் இலுப்பைப்பூ கொண்டுவந்து கரடிக்குக் கொடுக்க வேண்டும். பூ வருகிறவரை குகை அழுங்குக்கு. பூ நின்றால் அது கரடியின் படுக்கையறை. இதுதான் பேச்சு.

இனி, கத்தியவரைப் பார்ப்போம்.

நீண்ட மஞ்சள் கால். கண்ணோரம் சிவப்புத் தோல். நடக்கும்போதே யாரையோ வேலையை விட்டு நீக்கப் போகிற நடை. அதுதான் ஆள்காட்டிக் குருவி. அந்தக் காட்டில் புலி கிளம்பினால் முதலில் பார்ப்பது ஆள்காட்டிதான். அது கத்தினால் மான்கள் ஓடும். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஓடும். நின்று கேட்ட மான்கள் ஒன்றிரண்டு முன்பு இருந்தன. இப்போது இல்லை.

ஒரு வருஷம் புலி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆள்காட்டிக்குக் கத்த விஷயமில்லை. தொண்டை நமநமத்தது. ஒரு நாள் குகைக்குள் போய் ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வந்து, சும்மா கத்தியது.

"டிட்டிட்டீ! ஆட்டம் அருமை! ஐந்து இறகுக்கு நாலு இறகு!"

மான்கள் ஓடின. இந்தத் தடவை குகையை நோக்கி ஓடின!

"அடேயப்பா! நான் கத்தினால் இதுகள் போகவும் செய்யும், வரவும் செய்யுமா?" என்று ஆள்காட்டிக்கு உச்சந்தலை குளிர்ந்தது. அன்றிலிருந்து தினமும் கத்தல்தான். பெயரும் வைத்துக்கொண்டது: விமர்சகர்.

சும்மா இருக்குமா மைனா? அதுவும் கத்தக் கிளம்பியது. மைனாவுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது. முதலில் கத்துகிறவர் சொன்னதையே இரண்டு மடங்கு சத்தத்தில் சொல்லும். ஆள்காட்டி உள்ளே உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்துவிட்டு வருவதற்குள், மைனா யாரிடமோ கேட்டுக் கத்திவிட்டது. மான்கள் மைனா பின்னால் போய்விட்டன.

ஆள்காட்டிக்கு அன்று இரை இறங்கவில்லை. மறுநாள் முதல் அது குகைக்குள் போவதையே நிறுத்திவிட்டது. வாசலுக்கு எதிரே ஒரு கல். கல்மேல் ஒற்றைக் காலில் நின்று, குகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தால் நாலு இறகு. கைதட்டல் வந்தால் ஐந்து.

"ஏன் ஆள்காட்டி அண்ணே, உள்ளே வந்து பார்த்தால் என்னவாம்? கழுத்து சுளுக்கிக்கொள்ளுமோ?" என்று கேட்டது கீரி.

"உள்ளே வந்தால் வெளியே வர நேரமாகும், தம்பி. நாங்களெல்லாம் காதாலேயே பார்க்கிறவர்கள்."

"அப்படியா? சாப்பிடுவது எதனாலே, மூக்காலேயா?"

"வாயை அடக்கு. ஒரு இறகு குறைத்துவிடுவேன்!"

கீரி வாயை அடக்கியது. அதன் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

இப்படியிருக்க, அழுங்கு ஒரு புது ஆட்டம் போட்டது. கூழாங்கல் பரப்பில் கிடக்கும் ஒரு முட்டையின் கதை. அழுங்கு சுருண்டு படுத்தால் அதுதான் முட்டை. வால் அசைந்தால் மழைத் தண்ணீர். கடைசியில், கீரி ஒரு மரக்கட்டையை மேலே தூக்கி மெல்ல இறக்கும். அது யானையின் கால். முட்டைக்கு நேர் மேலே அந்தக் கால் வரும்போது குகைக்குள் யாரும் மூச்சுவிடவில்லை. மான் குட்டிகூட வாயில் இருந்த புல்லை அசைபோட மறந்துவிட்டது.

வெளியே கல்மேல் நின்ற ஆள்காட்டி காதைத் தீட்டியது. சிரிப்பில்லை. கைதட்டல் இல்லை. தும்மல்கூட இல்லை.

"தூங்கிவிட்டார்கள்!" என்று அதற்கு ஒரே பூரிப்பு. "டிட்டிட்டீ! ஆட்டம் படுமோசம்! இழுவையோ இழுவை! ஐந்து இறகுக்கு அரை இறகு!"

ஆள்காட்டியின் குரல் கேட்டால் மான் காலுக்கு மூளை கிடையாது. வெளியே வரிசையில் நின்றவை ஓடின. அந்தச் சத்தத்தில் உள்ளே இருந்தவையும் எழுந்து ஓடின. முட்டை என்ன ஆனது என்று பார்க்க ஒருவரும் இல்லை. கட்டையைத் தூக்கிய கை தூக்கியபடி கீரி மட்டும் நின்றது.

நீங்கள் முதலில் கேட்டீர்களே, அந்தச் சத்தம் இதுதான்.

கரடி வந்து காலிக் குகையைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. ஓடிய அவசரத்தில் யாரும் பூ வைத்துவிட்டுப் போகவில்லை.

"இதோ பார் அழுங்கு, நாளைக்கும் பூ வரவில்லையென்றால் நான் உள்ளே படுத்துவிடுவேன். அப்புறம் எழுப்பக் கூடாது."

"சரி மாமா," என்றது ஒரு பந்து.

மறுநாள் விடிந்ததே தெரியவில்லை. வானம் முழுக்கக் கருமேகம். பிற்பகலும் வந்தது. சூரியனைக் காணோம். வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை, ஆட்டமும் இல்லை. அழுங்கு ஒரு மூலையில் சுருண்டுகொண்டது. கரடி கொட்டாவி விட்டபடி உள்ளே வந்து நடுக்குகையில் மல்லாந்தது.

வெளியே ஆள்காட்டி வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு கல்மேல் நின்றது. எதிர்க் கிளையில் மைனா வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமியது. அதைப் பார்த்ததும் ஆள்காட்டிக்குப் பதற்றம் வந்துவிட்டது. இன்று முந்தியே ஆக வேண்டும்!

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ். கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்."

"ஆகா! பின்னணி இசை!" என்றது ஆள்காட்டி. "அடிவயிற்றிலிருந்து வருகிறது!"

அந்த நேரம் பார்த்துத் தூக்கத்தில் புரண்ட கரடி கீரியின் வாலில் படுத்தது.

"ஐயோ! எழுந்திரு மாமா! வால்! என் வால்!" என்று அலறியது கீரி. தொம், தொம் என்று கரடியின் வயிற்றில் குத்தியது.

"சண்டைக் காட்சி!" என்றது ஆள்காட்டி. ஒற்றைக் காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறியது. மைனா வாயைத் திறந்தது. இனித் தாங்காது!

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! இப்படி ஓர் ஆட்டம் இந்தக் காட்டிலேயே வந்ததில்லை! இசை பிரமாதம்! சண்டை அபாரம்! அழுங்கின் நடிப்பு கண்ணிலேயே நிற்கிறது! குடும்பத்தோடு வந்து பாருங்கள்! ஐந்துக்கு ஐந்து இறகு!"

"ஐந்துக்கு ஆறு!" என்று கத்தியது மைனா.

மான்கள் வந்தன. குடும்பத்தோடு வந்தன. மாமன் மச்சான் எல்லாரோடும், வாய் நிறைய இலுப்பைப்பூவோடு, புயல் மாதிரி இருட்டுக் குகைக்குள் பாய்ந்தன. முதல் மான் கரடியின் வயிற்றில் ஏறியது. இரண்டாவது மான் மூக்கில் ஏறியது. மூன்றாவது மான் ஏற இடமில்லாமல், முதல் மானின் மேலேயே ஏறியது.

"யாரடா அது!" என்று கரடி எழுந்தபோது பாறையே எழுந்த மாதிரி இருந்தது. மான்கள் அங்கங்கே உருண்டன. "யார் உங்களை இங்கே அனுப்பியது?"

எல்லா மூக்கும் வாசலைப் பார்த்துத் திரும்பின. கரடி ஒரே எட்டில் வெளியே போய், ஆள்காட்டியின் மஞ்சள் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"ஐந்து இறகு கொடுத்தாயாமே! எந்த ஆட்டத்துக்கு?"

"இ... இன்றைய ஆட்டத்துக்கு," என்றது தலைகீழாகத் தொங்கிய ஆள்காட்டி.

"அண்ணே, வானத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டது கீரி, வாலைத் தடவிக்கொண்டே. "வெயிலே இல்லை. ஆட்டம் எப்படி நடக்கும்?"

ஆள்காட்டி கொஞ்சம் யோசித்தது.

"ஏன், நிழலுக்கு வெயில் வேண்டுமா?"

 முதலில் ஒரு மான் "க்ளுக்" என்றது. அவ்வளவுதான். மான்கள் சிரித்தன. கீரி விழுந்து விழுந்து சிரித்தது. கரடி சிரித்த சிரிப்பில் கூரையில் தொங்கிய வௌவால்கள் இரண்டு பிடி நழுவின. மைனா மட்டும் வாசலில் நின்று, "வெயில் வேண்டுமா? வெயில் வேண்டுமா?" என்று கத்திக்கொண்டிருந்தது.

சிரித்து ஓய்ந்த கரடி கீழே பார்த்தது. தரையெல்லாம் இலுப்பைப்பூ. மான்கள் விழுந்தபோது வாயிலிருந்து சிதறியவை. ஒன்றைப் பொறுக்கித் தின்றது. இன்னொன்றைத் தின்றது. முகம் மாறியது.

"பூ வாங்கிவிட்டேன். இனிப் பேச்சு மாறக் கூடாது. ஆட்டம் நடந்தாக வேண்டும். முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. முக்கியமாக, நீ." ஆள்காட்டியை முன்வரிசையில் நிறுத்திவிட்டு, போய் வாசலை அடைத்து உட்கார்ந்தது.

"மாமா, வெயில்..." என்று ஆரம்பித்தது கீரி.

மேகம் நகர்ந்தது. பொத்தல் வழியே வெளிச்சம் இறங்கியது. பயந்து சுருண்டு கிடந்த அழுங்கின் மேல் அது விழுந்து, சுவரில் ஒரு முட்டை தெரிந்தது. அழுங்கு ஆரம்பிக்காமலே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது! வாலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மெல்ல அசைந்தது. சுவரில் மழைத் தண்ணீர் ஓடியது. முட்டை கூழாங்கற்களுக்கு நடுவே தனியாகக் கிடந்தது.

குழந்தைகளே, ஆள்காட்டி கூடு கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவேதான் முட்டையிடும். மாடு போகும், யானை போகும். பறவை பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருக்கும். வேறு என்ன செய்ய முடியும்?

யானையின் கால் வந்தது. முட்டைக்கு நேர் மேலே நின்றது. மெல்ல இறங்கியது.

குகையில் மூச்சுச் சத்தமில்லை. ஆள்காட்டியின் அலகு திறந்தது. சத்தம் வரவில்லை.

"தள்ளிப் போ... தள்ளிப் போயேன்..." என்று உதடே இல்லாத அலகால் அது முணுமுணுத்தது.

கால் தரையில் இறங்கியது. முட்டைக்கு ஒரு மயிரிழை தள்ளி.

"அப்பாடா!" என்று நூறு மூச்சு ஒன்றாக வந்தது. பிறகு அழுங்கு தன் செதில்களை ஒவ்வொன்றாக உயர்த்தியது. இடுக்குகள் வழியே சுவரெங்கும் வெளிச்சப் பொட்டுகள் தெறித்தன. முட்டை விரிந்தது. நீளமான ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"எந்த ஊர்க் குஞ்சுக்கு இவ்வளவு நீள மூக்கு?" என்று கேட்டது ஒரு மான் குட்டி. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்தது. கரடி வழிவிட்டது. வெளியே மைனா பரபரத்தது.

"அண்ணே! எத்தனை இறகு? சீக்கிரம்!"

ஆள்காட்டி கல்மேல் ஏறவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்," என்றது.

"நாளைக்கா? இப்போது நான் என்ன கத்துவது?"

"எங்களைப் பார்த்துக் கத்தாதே, நாங்கள்தான் பார்த்துவிட்டோமே," என்று சொல்லிவிட்டு மான்கள் மேயப் போயின. போகிற வழியெல்லாம் மூக்கைப் பற்றியே பேச்சு.

ஆள்காட்டி மறுபடி உள்ளே வந்தது. கீரியின் கையில் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அந்தக் கால்... இந்தக் கட்டையா?"

"கட்டைதான்."

"கட்டையென்று தெரிந்தும் இப்போதும் நடுங்குகிறதே! அது எப்படி?"

"அப்படிக் கேளுங்கள்! இதைப் போய்க் கத்துங்களேன், அண்ணே."

"இதைக் கத்த முடியாது, தம்பி. மெதுவாகத்தான் சொல்ல முடியும்." ஆள்காட்டி அழுங்கின் பக்கம் திரும்பியது. "நேற்று, அந்தக் கால் இறங்குகிற நேரத்தில்தான் நான் கத்தினேன், இல்லையா அக்கா?"

"ஆமாம்," என்றது அழுங்கு. சுருண்டுகொள்ளவில்லை.

பிறகு அழுங்கு மூலையில் இருந்த ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து, வௌவால் எச்சத்தையும் மான்கள் கொண்டுவந்த புழுதியையும் வாசல் பக்கமாகப் பெருக்க ஆரம்பித்தது.

நீதி: புலி வருவதை முதல் ஆளாகச் சொல்ல வேண்டும், கதை எப்படி என்பதைக் கடைசிவரை இருந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.