ஈறு வீங்கிய கரடி

மலையடிவாரக் காடு ஒன்றில் முன்கோபக்காரக் கரடி ஒன்று தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. தேனும் இலுப்பைப் பூவும் என்றால் அதற்கு உயிர். தின்றபின் வாய் கொப்பளிக்கும் வழக்கம் மட்டும் கிடையாது.

நாளடைவில் அதன் ஈறுகள் சிவந்து வீங்கின. பழத்தைக் கடித்தாலே ரத்தம் வந்தது. கரடி, காட்டு வைத்தியம் பார்க்கும் முள்ளம்பன்றியிடம் போனது.

"பல்லிடுக்கில் அழுக்கு கல்லாக இறுகிக் கிடக்கிறது. சுரண்டி எடுக்க வேண்டும். வலிக்கும், பொறுத்துக்கொள்" என்றது முள்ளம்பன்றி. உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து மெல்லச் சுரண்டியது.

ரத்தம் கசிந்ததுதான் தாமதம், கரடி உறுமிக்கொண்டு எழுந்தது.

"குணமாக்கச் சொன்னால் குத்துகிறாயா?"

ஓங்கி ஓர் அறை. முள்ளம்பன்றியின் காது கிழிந்தது.

இதைப் பார்த்த நரி குழைந்துகொண்டு வந்தது. "இந்தக் குத்தல் எல்லாம் எதற்கு, அக்கா? என்னிடம் ஒரு தழை இருக்கிறது. மென்றால் ஈறு மரத்துப்போகும். ஒரு தேனடை கொடுங்கள், போதும்."

தழையை மென்றதும் வலி போனது. வீக்கம் போகவில்லை. சீழ் கட்டியது, காய்ச்சல் வந்தது, ஒரு பல் ஆடத் தொடங்கியது. பிறகு தழைக்கும் வலி அடங்கவில்லை. கரடிக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். புற்றுகளை உடைத்தது. மரங்களைப் பிறாண்டியது. "அம்மா, பசிக்குது" என்று வந்த குட்டியையும் அறைந்துவிட்டது.

குட்டி அழவில்லை. பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

கரடி முள்ளம்பன்றியிடம் ஓடியது. "என்மேல் கோபமா?"

"கோபம்தான். காது இன்னும் எரிகிறது. அதற்காக உன் வாய் அழுகட்டும் என்று விட்டுவிடுவேனா? உட்கார்!"

"இந்தப் பாழாய்ப்போன வீக்கத்தை முதலில் அடக்கு!"

"வீக்கத்தைத் திட்டாதே. அழுக்கில் குடியிருக்கும் கிருமிகளோடு உன் உடம்பு போடும் சண்டை அது. சண்டை நீண்டுகொண்டே போனால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்துவிடும். அழுக்கை எடுத்தால் சண்டை ஓயும்."

கரடி ஒரு வேரை இறுகப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தது. கண்ணீர் வழிந்தது. கை மட்டும் ஓங்கவில்லை.

பல நாள் சுரண்டியபின் வீக்கம் வற்றியது. காய்ச்சல் விட்டது. ஆடிய பல் விழுந்துவிட்டது.

"மறுபடி முளைக்குமா?"

"முளைக்காது" என்றது முள்ளம்பன்றி. "முதல் நாளே பொறுத்திருந்தால் பிழைத்திருக்கும்."

குட்டி பக்கத்தில் வர மேலும் பல நாள் ஆயின. கரடி அதை அதட்டிக் கூப்பிடவில்லை. காத்திருந்தது.

நீதி: வலிக்கிறதே என்று வைத்தியரை விரட்டினால், நோய்தான் நிலைத்துவிடும்.