ஒன்பதுக்கு முன்னால் நின்ற சைபர்கள்

அந்தக் காலத்தில் எண்கள் கணினிக்குள் குடியிருந்தன. ஓயாமல் பேசவும் பேசின. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வருஷத்துக்குப் போடக்கூட ஓர் எண் வெளியே வராமல் நடுங்கிக் கிடந்த காலம் அது.

எல்லாம் வரிசைப் பூதத்தால்தான். அதற்குக் கண் கிடையாது. வாரம் ஒரு நாள், ஒன்று முதல் நூறு வரை எல்லாரையும் நிறுத்தி, முன்னால் இருக்கும் முகத்தை, அதாவது முதல் இலக்கத்தைத் தடவும். யாருடைய முதல் முகம் பெரிதோ அவரே பெரியவர். அவரே அதற்குச் சாப்பாடு. முதல் முகம் சமமாக இருந்தால்தான் விரல் அடுத்த முகத்துக்குப் போகும்; அடுத்த முகமே இல்லாதவர் சிறியவர். இப்படியே தொண்ணூற்றொன்பதில் தொடங்கித் தொண்ணூறு வரை பத்துப் பேர் போய்விட்டார்கள். ஒன்பதை முதல் முகமாகக் கொண்டவர்களில் மிஞ்சியது ஒற்றை ஒன்பது.

"என்னடா ஒன்பது, நாளைக்கு உன் முறையாமே?" என்று சிரித்தது நூறு. அதன் முதல் முகம் ஒன்று. பொடியன் என்று பூதம் எப்போதும் தள்ளிவிடும்.

"நீங்கள்தானே அண்ணே எல்லாரையும்விடப் பெரியவர்?"

"அதைப் பூதத்திடம் சொல்லேன்!"

ஒன்பது வேலியோரம் கிடந்த சைபர்களிடம் ஓடியது.

"அக்கா, நாளைக்கு எனக்கு முன்னால் இரண்டு பேர் நில்லுங்கள்."

"முன்னாலா?" என்றது மூத்த சைபர். "பின்னால் நின்றாலாவது மரியாதை உண்டு. முன்னால் நின்றால் பூதத்தின் நகம் எங்கள் மேல்தானே படும்?"

"உங்களிடம் தின்ன என்ன இருக்கிறது அக்கா?"

சைபர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. வெறும் ஓட்டை. "அதுவும் சரிதான். ஆனால் நீ தப்பினால் எண்பத்தொன்பது மாட்டும். எல்லாருக்குமே நிற்கிறோம்."

மறுநாள் ஒற்றை முகத்தாருக்கு இரண்டு, இரட்டை முகத்தாருக்கு ஒன்று என்று சைபர்கள் முன்னால் வந்து நின்றன. நூறு மட்டும், "இந்த ஓட்டைக் கும்பல் எனக்கெதற்கு? போங்கடி!" என்று விரட்டிவிட்டது.

பூதம் வந்தது. ஐஸ் போன்ற விரல். "சைபர்... சைபர்..." ஒன்பதின் முன்னால் வந்ததும் விரல் நின்றது. ஒன்பது மூச்சை அடக்கிக்கொண்டது. விரல் மெல்ல நகர்ந்தது. "சைபர்... சைபர்... ஆ, ஒன்று!"

"ஐயா, நான் வெறும்..."

சொல்லி முடிப்பதற்குள் நூறு உள்ளே போய்விட்டது. அவ்வளவு பெரியதைப் பூதம் அதுவரை விழுங்கியதில்லை. விக்கி, திணறி, எடுத்த வாந்தியில் தொண்ணூறுகள் பத்தும் நூறும் வந்து விழுந்தன. அதோடு பூதம் தின்பதை விட்டது. தடவுவதை மட்டும் விடவில்லை.

அன்று முதல்தான் ஒன்பது 009 என்றும், எண்பத்தொன்பது 089 என்றும், சைபரை முன்னால் விட்டே கணினி வரிசைக்குள் கால் வைக்கின்றன. அந்த விரலுக்கு மறுபடி எப்போது பசிக்கும் என்று யாருக்குத் தெரியும்?