பெரணி சுமக்கும் சுண்ணாம்பு

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தபோது, மழைக்குக் கண் கொஞ்சம் மந்தம். மலையில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்த மலையில் குடியிருந்த நஞ்சம்மா வருஷாவருஷம் மழைக்கு முன்பே தன் வீட்டுச் செம்மண் சுவரில் எல்லா இலைகளையும் பதித்து வைப்பாள். இலையின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தடவி, சுவரில் ஒற்றி, மெல்ல உரித்தால் நரம்பெல்லாம் வெள்ளையாக விழும். மழை வந்ததும் சுவரைப் பார்க்கும். அதில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும். இல்லாததை விட்டுவிட்டுப் போய்விடும்.

அந்த வருஷமும் செடிகள் ஆளுக்கோர் இலையை உதிர்த்துக் கொடுத்தன. வீட்டுக்குப் பின்னால் பாறை இடுக்கில் இருந்த பெரணிதான் முதலில் கொடுத்தது. பூக்காத, காய்க்காத, சாண் உயரச் செடி.

“அக்கா, என்னை மறந்துறாதீங்க.”

“மறப்பனா கண்ணு? நீ சின்ன ஆளு, மூலையில துளி எடம் போதும். கடைசியாப் போட்டுடறேன்” என்று அந்த இலையைக் கொண்டையில் செருகிக்கொண்டாள் நஞ்சம்மா.

பலாவுக்குத் தன் பதிவு கோணலாகப் பட்டது. “இன்னொருக்கா ஒத்துங்க அக்கா, உங்க கைக்கு வராத வேலையா?” என்றது. நஞ்சம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுபடி ஒற்றினாள். அதைப் பார்த்துத் தேக்கும் கேட்டது. அதற்கும் ஒற்றினாள். சுண்ணாம்புச் சட்டி காலி. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தள்ளி நின்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

மழை ஓய்ந்து, ஈரத் தலையை அவிழ்த்தபோதுதான் பெரணியின் இலை மடியில் விழுந்தது.

குடம் குடமாகச் சுமந்துபோய் ஊற்றினாள். பாறையில் ஊற்றிய தண்ணீர் வழிந்தோடியது. மழை ஊறினால்தான் அங்கே ஈரம் நிற்கும்.

“என் இலை நல்லா வரலீங்களா அக்கா?” என்று கேட்டது பெரணி.

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. “ஆமா கண்ணு, சரியா விழல” என்றுவிட்டாள்.

பெரணி தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அந்தப் பொய் நஞ்சம்மாவைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் புதுச் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். “மறந்துதான் போனேன் கண்ணு. உன் இலைமேல ஒரு குத்தமுமில்ல.” பெரணி ஏற்கெனவே சருகாகியிருந்தது. அழுதபடியே சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அடியில் சுண்ணாம்பைத் தடவினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம், கொண்டையிலிருந்து விழுந்த அதே காய்ந்த இலையைத்தான் சுவரின் நடுவில் முதலில் ஒற்றினாள். அது நொறுங்கிப் பாதிதான் விழுந்தது. அந்தப் பாதியைப் பார்த்து மழை பாறைக்கும் போனது. பழைய வேரிலிருந்து புதுப் பெரணி எழுந்தது. புது இலைகளுக்கு அடியிலும் அவள் தடவிய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. நஞ்சம்மா ஓர் இலையைப் புறங்கையில் வைத்து அழுத்தினாள். ஒரு நரம்புகூடத் தப்பாமல் பதிந்தது. அவள் சுவரில் எந்த இலையும் அவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

“பாரு கண்ணு, எவ்வளவு நல்லா வருது உனக்கு!”

பெரணி பேசவில்லை. நஞ்சம்மா வீடு போய்ச் சேர்வதற்குள் கையிலிருந்த பதிவும் வியர்வையில் அழிந்துபோயிற்று.

அன்று முதல்தான் வெள்ளைப் பெரணி தன் சுண்ணாம்பைத் தானே சுமந்து நிற்கிறது. யார் புறங்கையை நீட்டினாலும் பதிந்து காட்டும். நல்லா வந்திருக்கா என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை.