வாசலில் ஒரு வெற்றிலை அல்ல, வெறும் இலை

"எனக்கு எப்பங்கம்மா இடம்?"

செங்கோடன் கேட்டான்.

மயிலம்மை அவன் மடியில் கிடந்த தையல் இலையை எடுத்தாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். திரும்ப அவன் மடியிலேயே வைத்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்றும் இதே கேள்விதான். நேற்றும் இதே துடைப்புதான்.

*

சுனைக்கரட்டின் உச்சியில் இருந்தது மயிலம்மையின் வைத்தியப் பள்ளி. அவள் கை வைத்தால் எழுந்து உட்காராத நோயாளியே இல்லை என்று பேச்சு. எழுந்து உட்காராதவர்கள் வந்து பேசப்போவதில்லை. அதனால் அந்தப் பேச்சை மறுக்கவும் ஆளில்லை.

அறுப்பு முடிந்ததும் சுற்றுப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கரடு ஏறி வருவார்கள். மிராசுதார் மகன் பல்லக்கில் வருவான். சலவைக்காரர் மகன் நடந்து வருவான். இரண்டு பேருக்கும் வாசலில் ஒரே வெயில்.

பள்ளிக்கு இருந்தது ஒரே சுனை. அந்தத் தண்ணீர் எத்தனை மூலிகைப் பாத்திக்குப் பாயுமோ, அத்தனை மாணவர்கள்தான். ஆளுக்கொரு பாத்தி. பாத்தி காய்ந்தால் மாணவன் வெளியே.

மயிலம்மை யாரிடமும் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டாள். கையில் ஓர் இலையைக் கொடுப்பாள்.

விரித்த இலையில் உப்பும் சோறும் இருந்தால், உள்ளே வரலாம்.

மடித்துக் கட்டிய இலையில் புளிச்சோறு இருந்தால், ஊருக்குத் திரும்பலாம். வழியில் பசிக்குமே என்றுதான் அந்தச் சோறு.

செங்கோடனுக்குக் கிடைத்தது வெறும் இலை.

அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். பின்பக்கமும் வெறும் இலைதான்.

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்லீங்களே?"

"இரு" என்றாள்.

உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

*

செங்கோடனுக்குத் தொண்டை மட்டும்தான் சொந்தம். அதில் குடியிருந்த குரல்களெல்லாம் பிறத்தியாருடையவை.

ஆடு மாதிரிக் கத்துவான். பக்கத்துக் காட்டிலிருந்து ஆடு பதில் சொல்லும். சமையற்காரர் தாண்டவன் கஞ்சிக் கலயத்தோடு வாசலுக்கு வந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் குரலில் இவன் தொடங்கிவிடுவான்.

"எந்தப் பாவிடா என் கரண்டிய எடுத்தது? நான் என்ன உங்களுக்குப் பொறந்த வேலைக்காரனா?"

தாண்டவன் சிரித்துச் சிரித்துக் கஞ்சியைப் பாதி சிந்திவிடுவார்.

"சாமி, என் பொண்டாட்டிகூட ஏமாந்துருவாடா."

"கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

ஒருநாள் விடியலில், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மயிலம்மையின் குரலில் சொன்னான்: "இன்னிக்குப் பாடம் இல்ல. எல்லாரும் போய்ப் படுங்க."

மொத்தப் பள்ளியும் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு மயிலம்மை அவன் இலையைக் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் துடைத்தாள். அவ்வளவுதான்.

*

மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் அவனுடைய தாய்மாமன் ராக்கியப்பன் கரடு ஏறி வந்தார்.

"என்னடா மாப்ள, உள்ளயா வெளியயா?"

"வாசல்ல, மாமா."

"வாசல்னா?"

"வாசல்னா வாசல்தான்."

"ஊர்ல கேப்பாங்களேடா. சேந்துட்டான்னு சொல்லட்டுமா, சேரலன்னு சொல்லட்டுமா?"

செங்கோடன் இலையைக் காட்டினான். மாமன் அதைப் புரட்டிப் பார்த்தார். யாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள்.

"கட்டுச்சோறாவது குடுத்திருந்தா அழுதுட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், மாமா. இதுக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியல."

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊரில் வைத்தியர் கிடையாது. யாருக்கு முடியாமல் போனாலும் வண்டி கட்டி ஆறு தாண்ட வேண்டும். செங்கோடனின் தங்கை அப்படிப் போகும்போது வண்டியிலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் தலை அவன் மடியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊரே சேர்ந்து மாலை போட்டு அவனை இந்தக் கரட்டுக்கு அனுப்பியது.

"நடந்துட்டிருக்குதுன்னு சொல்றேன்" என்றார் மாமன்.

"என்ன நடக்குது?"

"அது எனக்கென்னடா தெரியும்."

போய்விட்டார்.

அன்று செங்கோடன் யார் குரலிலும் பேசவில்லை.

*

விடியலில் மாணவர்கள் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மூலிகைப் பெயர்களை உரக்கச் சொல்வார்கள். செங்கோடன் சுவரில் காதை வைத்துக் கேட்பான். முகம் தெரியாது. குரல் தெரியும். ஒருவன் மூக்கால் சொல்வான். ஒருவன் கடைசி எழுத்தை விழுங்குவான். நாச்சிமுத்து என்று ஒருவன், கணீரென்ற குரல்.

அந்தக் கணீர்க் குரல் நடுவில் நின்று நின்று வரத் தொடங்கியது.

பிறகு, மற்றவர்கள் எழும் முன்பே, சுவரை ஒட்டி ஓர் இருமல் கேட்டது. வாயில் துணியை வைத்து அமுக்கிய இருமல்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பாத்தியைப் பார்க்க முடியாதவன் வெளியே போக வேண்டும். ஒருவன் வெளியே போனால் ஒருவன் உள்ளே போகலாம்.

அவன் அதற்காகச் சாமி கும்பிடவில்லை. அந்த அளவுக்குப் பாவி இல்லை. காலையில் எழுந்ததும் காதைச் சுவரில் வைத்தான். இருமல் நேற்றைவிடக் கூடியிருந்தால், அன்றைக்குக் கஞ்சி ருசியாக இருந்தது. அவ்வளவுதான்.

*

ஒருநாள் மயிலம்மை வாசலுக்கு வந்து, இலையைத் துடைக்காமல், அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லார் மாதிரியும் பேசுவியாமே? தாண்டவன் சொன்னான்."

"ஏதோ கொஞ்சங்கம்மா."

"என் பிள்ளைக எல்லாத்தையும் பேசிக் காட்டு."

செங்கோடனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதுதான் சோதனை போலிருக்கிறது என்று நினைத்தான். மூக்கனைப் பேசினான். எழுத்து விழுங்கியைப் பேசினான். மயிலம்மை சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. குஷியில் நாச்சிமுத்துவையும் பேசினான். "ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவள்ளி" என்று கணீரென்று தொடங்கி, நடுவில் நிறுத்தி, மேல்துண்டை வாயில் அமுக்கி இருமினான். இருமலின் முடிவில் ஒரு மெல்லிய சீழ்க்கை.

மயிலம்மையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு வாட்டி."

இருமினான்.

"அந்தச் சீழ்க்கை. நீயாச் சேத்ததா?"

"இல்லீங்கம்மா. அவன்கிட்ட இருக்குது. நான் எதையும் சேக்க மாட்டேன்."

"எங்கிட்ட வர்றப்ப அவன் இருமுனதே இல்ல."

செங்கோடன் மேல்துண்டை எடுத்து மடித்தான்.

"இந்தச் சீழ்க்கைய இதுக்கு முன்னால எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

அவன் இலையைப் பார்த்தான்.

"வண்டியிலங்கம்மா. எந் தங்கச்சிகிட்ட."

மயிலம்மை எழுந்து உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

*

மறுநாள் காலை மயிலம்மை ஒரு சட்டியோடு வந்தாள். செங்கோடனின் இலையை விரித்தாள். உப்பு வைத்தாள். சோறு போட்டாள்.

இத்தனை நாள் எத்தனையோ குரலில் இதை ஒத்திகை பார்த்திருந்தான். இப்போது ஒரு குரலும் வரவில்லை.

"யார் போனாங்கம்மா?"

"நாச்சிமுத்து. நேத்து நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன். பாத்திய விட்டுட்டு வந்து படுன்னு சொன்னேன். போகச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டான் போல. விடியறதுக்குள்ள ஆளக் காணோம். கட்டுச்சோறுகூட வாங்கிக்கல. தாண்டவன வண்டிப் பாதையில தேட அனுப்பியிருக்கேன்."

சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வா. பாத்தி காயக் கூடாது."

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு செங்கோடன் உள்ளே போனான். காதால் மட்டுமே தெரிந்த இடத்தைக் கண்ணால் பார்த்தான். சுனை நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"இதுதான் உன் பாத்தி."

குனிந்து பார்த்தான்.

துளசியில் இலை இல்லை. ஆடாதோடையில் இலை இல்லை. தூதுவளைக் கொடியில் முள் மட்டும் இருந்தது. ஈரமண்ணில் வரிசையாகக் குச்சிகள்.

"பூச்சி தின்னுருச்சுங்களா?"

"பூச்சி இல்ல. விரலு."

கிள்ளிய காம்புகளைத் தொட்டுப் பார்த்தான். மேலே இருந்தவை பச்சையாக இருந்தன. கீழே இருந்தவை காய்ந்து கறுத்துப் போயிருந்தன.

"இருமலுக்கு அவனே பறிச்சுத் தின்னிருக்கான்" என்றாள் மயிலம்மை.

"உங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுல்லீங்க? நீங்க வைத்தியருதானே? எதுக்குங்கம்மா மறைக்கணும்? யாருக்குப் பயந்துக்கிட்டு?"

மயிலம்மை அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினாள்.

கதவுப் பலகையில் ஓர் இடுக்கு இருந்தது. பாத்திக்கு முன்னால் குந்தியிருப்பவனின் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் வழியே, வெளியே, புல் தேய்ந்த ஓரிடம் தெரிந்தது.

அவன் உட்கார்ந்திருந்த இடம்.

செங்கோடனின் இலையிலிருந்து ஒரு பருக்கை மண்ணில் விழுந்தது.

அப்போது தூரத்தில் அவனுக்கு ஏதோ கேட்டது. மயிலம்மைக்குக் கேட்கவில்லை.

"வண்டிப் பாதையில இல்லீங்கம்மா" என்றான். "ஒத்தையடிப் பாதையில இருக்கான்."

சோற்றோடு ஓடினான்.

*

பாதி இறக்கத்தில், ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தான் நாச்சிமுத்து. குரலை வைத்து உயரமான ஆள் என்று செங்கோடன் நினைத்திருந்தான். குட்டையாக இருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

நாச்சிமுத்து முதலில் பார்த்தது இலையை.

"கெடச்சிருச்சா?"

"ம்."

"தண்ணி ஊத்துனியா?"

"இல்ல."

"வெயில் ஏறறதுக்குள்ள ஊத்தணும்டா. துளசி தாங்கிக்கும். தூதுவளை தாங்காது."

"எலையே ஒண்ணும் இல்லியே."

"வேரு இருக்குதுல்ல."

சொல்லிவிட்டு இருமினான். இருமல் அடங்க நேரமாயிற்று. துணியால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"என்னைய மாதிரியே இருமுவியாமே? அம்மா சொன்னாங்க."

செங்கோடன் தரையைப் பார்த்தான்.

"இருமிக் காட்டு."

"வேண்டாம்."

"காட்டுடா. எப்படி இருக்குதுன்னு நானும் கேக்கறேன்."

செங்கோடன் வாயைத் திறந்தான். ஆடு வந்த தொண்டை, தாண்டவன் வந்த தொண்டை. ஒன்றும் வரவில்லை.

இலையை அவன் முன்னால் வைத்தான்.

"சாப்பிடு."

"அது உன் இலை."

"சாப்பிடு சாமி. கையெடுத்துக் கும்பிடறேன்."

நாச்சிமுத்து ஒரு வாய் எடுத்தான். இன்னொரு வாய். அதற்குமேல் முடியவில்லை.

செங்கோடன் இலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டிக் குந்தினான்.

"ஏறு."

"மேலயா, கீழயா?"

"பேசாம ஏறு."

மேலே போகும் வழியெல்லாம் அந்தச் சீழ்க்கை அவன் காதுக்குள்ளேயே கேட்டது. ஒருமுறை இப்படித்தான், மடியிலிருந்து கேட்டது.

வாசலில் மயிலம்மை நின்றிருந்தாள். இருவருமாக நாச்சிமுத்துவை உள்ளறையில் படுக்க வைத்தார்கள். மயிலம்மை மருந்து அரைக்க அம்மியைக் கழுவினாள். செங்கோடன் வெளியே வந்தான். கதவை அவனே சாத்தினான். போகும்போது ஒரு கந்தலைச் சுருட்டி அந்த இடுக்கை அடைத்தான்.

இலையில் ஒட்டியிருந்த பருக்கைகளை எறும்புக்கு உதறினான். பழைய இடத்துக்குப் போகவில்லை. உள்ளறைச் சுவரை ஒட்டி, வெளிப்பக்கமாக உட்கார்ந்தான்.

*

நாச்சிமுத்து படுத்தே இருந்தான். அவன் பாத்திக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். துளசி துளிர்த்தது. தூதுவளை துளிர்க்கவில்லை.

தாண்டவன் கஞ்சி கொண்டு வருவார். "ஏதாச்சும் பேசிக் காட்டு சாமி" என்பார். "அப்பறங்க" என்பான் செங்கோடன்.

மழைக்காலம் வந்தது. ஒரு விடியலில் மயிலம்மை வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. தூங்கி எத்தனை நாளாயிற்றோ. அவன் மடியில் இருந்த இலையை எடுத்தாள். துடைத்தாள்.

"இன்னுமா காத்துட்டிருக்கே?"

"பேசாதீங்கம்மா."

அவன் காது சுவரில் இருந்தது. கண்ணை மூடியிருந்தான். மூச்சை அடக்கியிருந்தான்.

இலை மயிலம்மையின் கையிலேயே இருந்தது.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உள்ளே, வெகுநேரம் கழித்து, யாரோ இருமினார்கள்.

செங்கோடன் மூச்சு விட்டான்.

"இப்பச் சொல்லுங்க."