ஆயிரம் நம்பர் உப்புத்தாள்

முள்ளிக்கரை ராஜாவுக்கு வயது அறுபத்து மூன்று. இது ராஜாவைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அரண்மனைக் கண்ணாடிகள் அத்தனையும் ரசம் போனவை. திவான் அம்பலவாணரின் ஏற்பாடு அது. ராஜா எட்டிப் பார்த்தால் புகைக்குள்ளே யாரோ வாலிபன் நிற்கிற மாதிரி இருக்கும். உடனே திவான், "ஸ்ஸ்ர்ர்ர்" என்று பொடியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "மகாராஜா சமூகத்துக்கு இருபத்தைந்து தாண்டுமா என்ன!" என்பார். அப்படிச் சொல்லியே ஒரு மாந்தோப்பு வாங்கிவிட்டார்.

அந்தச் சமஸ்தானத்துக்கு ஒரு மோட்டார் வந்து சேர்ந்தது. தட்தட்தட்... புஸ்ஸ்! அதைப் பார்த்துக்கொண்டவர் தவசிமுத்து ஆசாரி. கையிலும் அரம், வாயிலும் அரம். அந்த வாய்க்காகவே ராஜா அவருக்குத் தர்பாரில் ஒரு நாற்காலி போட்டிருந்தார். திவானுக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே மூக்கு அரிக்கும்.

ஒருநாள் ராஜா உறுமினார். "ம்ம்ம்ம்... பக்கத்து ராஜா தன் எஞ்சின் மூடியில் முகம் பார்த்து மீசை முறுக்குகிறானாம்! தவசி, நம் எஞ்சின் தலைமூடியில் என் முகம் அப்படியே தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள். தெரியலையோ..."

"தலைமூடி போயிடுமா, மகாராஜா?"

"தலை போயிடும்."

தவசி உட்கார்ந்தார். எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் மூடியைத் தேய்த்தார். எண்பது போட்ட கீறலை இருநூறாம் நம்பரால் அழித்தார். இருநூறு போட்டதை நானூறால் அழித்தார். அதோடு தாள் தீர்ந்தது. மூடியில் முகம் தெரியவில்லை, ஏதோ பூசணிக்காய் தெரிந்தது. சாமான் வைக்கும் உக்கிராணத்தின் சாவியோ திவான் இடுப்பில்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் உப்புத்தாள் வேணுமே."

திவான் யோசித்தார். எண்பதாம் நம்பரே இந்தச் சொரசொரப்பு என்றால், ஆயிரமாம் நம்பர் மூடியையே பிறாண்டி எடுத்துவிடாதா? பீரங்கி மரியாதையில் எண் கூடினால் சத்தம் கூடுகிறதே, தாளும் அந்தக் கணக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

"ஸ்ஸ்ர்ர்ர்... எதுக்கு ஆசாரி சின்ன நம்பர்? ஆயிரமாம் நம்பரையே எடுத்துக்கும்!"

உப்புத்தாளில் எண் ஏற ஏற வழவழப்பு. தவசிக்கு வேண்டியதே அதுதான். "ஐயாவுக்குப் பெரிய மனசு," என்று கும்பிட்டுவிட்டு வந்தார். தேய்த்தார். மெருகுப் பசை தடவித் துணியால் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை. சபை கூடியது. தலைமூடி பட்டுத் துணிமேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ராஜா குனிந்தார். பார்த்தார். பின்னால் துள்ளினார்.

"யார்ரா இந்தக் கிழவன்?"

தவசி மனசுக்குள் கணக்குப் போட்டார். 'தாங்கள்தான்' என்றால் தலை போகும். 'வேறு யாரோ' என்றால் ராஜா முகம் தெரியவில்லை என்று ஆகும். அதற்கும் தலைதான்.

திவான் ஓடிவந்தார். "ஸ்ஸ்ர்ர்ர்! மகாராஜா முகமா இது? சீச்சீ! பல்லுப் போன கிழட்டுக் குரங்கு! மெருகா போட்டிருக்கிறார் இந்த ஆசாரி?"

தவசி கைகட்டினார். "திவான் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எவனோ கிழவன் எஞ்சினுக்குள் பூந்துட்டான். மகாராஜா ஒருதரம் மீசையை முறுக்கினால் பயந்து ஓடிடுவான்."

ராஜா முறுக்கினார். கிழவனும் முறுக்கினான்.

ராஜா முறைத்தார். அவனும் முறைத்தான்.

ராஜா நாக்கை நீட்டினார். அவனும் நீட்டினான்.

ராஜா மெதுவாகக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "ம்ம்ம்ம்... தவசி. இது நான்தானா?"

"நான் எப்படி மகாராஜா சொல்ல முடியும்? நானூறாம் நம்பர் வரைக்கும் தேய்ச்சேன், ஒரு முகமும் தெரியலை. ஆயிரமாம் நம்பர் தாள் கொடுத்துத் தெரிய வைத்ததே திவான் ஐயாதான். தெரிந்த முகத்துக்குக் கிழட்டுக் குரங்கு என்று பெயர் வைத்ததும் ஐயாதான்."

பொடி டப்பி தரையில் உருண்டது. "சமூகம்... குரங்கு என்றால்... வந்து... அனுமார் என்ற அர்த்தத்திலே..."

ராஜா ஒரு நிமிஷம் திவானைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கிழவனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கிழவனும் கூடவே சிரித்தான்.

"முப்பத்தெட்டு வருஷமா எனக்கு இருபத்தஞ்சு வயசாம்! ஓய் திவான், அந்த மாந்தோப்பு இனிமேல் தவசிக்கு. ஏன் தவசி, இந்த ஆளோட நாக்கை என்ன பண்ணலாம்?"

"அது ஏற்கெனவே ஆயிரமாம் நம்பரில் தேய்ச்ச நாக்கு, மகாராஜா. எதுவும் நிற்காமல் வழுக்கிடும். எண்பதாம் நம்பரால் ரெண்டு இழுப்பு இழுத்தால், உண்மை கொஞ்சம் ஒட்டும்!"