புகார் வராத வாரங்கள்

“இந்தப் பழைய சுவரை எப்ப எடுக்கப் போறோம் மேடம்?”

பொன்னுதுரை கேட்டார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் மேடம் என்று அழைத்த ஜெசிந்தாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

ஜெசிந்தா திரும்பவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு. அங்கிருந்துதான் அவர் ஒரு மென்பொருளைப் பராமரித்துவந்தார். ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறவர்கள், அவற்றுக்கு நெட்வொர்க் கொடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். யார் யாரோ, எங்கெங்கோ. அதன் உள்விவரம் முழுக்கத் தெரிந்தவர் ஜெசிந்தா ஒருவர்தான்.

மனைவி இறந்த பிறகு பொன்னுதுரை சென்னை வேலையை விட்டார். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு மலையேறி வந்தார். பகல் முழுக்க இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். பேச்சு அதிகம் இல்லை.

மெய்நிகர் கணினிக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. ஃபயர்வால். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று இவர்களுடைய மென்பொருள் அதற்குச் சொல்லும். அந்தச் சுவரில் இரண்டு வகை இருந்தது, பழையதும் புதியதும். ஒன்றுக்குச் சொல்கிற பாஷை மற்றதற்குப் புரியாது.

“எதை எழுதினாலும் ரெண்டு தடவை எழுதுறோம்” என்றார் பொன்னுதுரை. “ரெண்டு தடவை சோதிக்கிறோம். பழசை இப்ப யாருமே வச்சுக்கலை.”

“யாருமேன்னா யாரு சார்?”

“யாருமேன்னா... யாருமேதான்.”

“அப்ப எடுத்துப் பாருங்க.”

வாதம் வரும் என்று பொன்னுதுரை எதிர்பார்த்திருந்தார். வரவில்லை.

எடுத்தார். பக்கம் பக்கமாக வரிகள் போயின. மென்பொருள் பாதியாக இளைத்து அழகாக நின்றது. முன்னோட்டப் பதிப்பாக அதைச் சோதிப்பவர்களுக்கு அனுப்பினார்.

ஒரு வாரம் போனது. பழைய சுவரைக் காணோம் என்று ஒருவரும் எழுதவில்லை.

அடுத்த வாரமும் இல்லை.

கலியபெருமாள்கூட எழுதவில்லை.

கலியபெருமாளை இருவருமே நேரில் பார்த்ததில்லை. கோடியக்கரைப் பக்கம், உப்பளங்களைத் தாண்டி, ஒரு பறவை ஆய்வுக் குடிலில் தனியாக இருந்து, பறவைகளைக் கணக்கெடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறவர். புதுப் பதிப்பு வந்தால் முதல் ஆளாகப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே குறை எழுதுவார். எழுத்துப்பிழைக்குக்கூட எழுதுவார். குறையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அன்று வந்திறங்கிய பறவைகளைப் பற்றி நாலு வரி இருக்கும். பொன்னுதுரை அதுவரைக்கும் படிப்பதில்லை.

“கலியபெருமாளே வாயைத் திறக்கலை மேடம். அவரே திருப்தி ஆயிட்டாருன்னா பாத்துக்கோங்க.”

ஜெசிந்தா எழுந்தார். பரணிலிருந்து ஒரு பழைய கணினியை இறக்கித் தூசி தட்டினார். பொன்னுதுரையின் பதிப்பை அதில் ஏற்றி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்தார்.

“இதுக்குள்ள இருந்து எனக்கு ஒரு புகார் அனுப்புங்க சார்.”

“என்ன புகார்?”

“என்ன வேணா எழுதுங்க.”

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பொன்னுதுரை உட்கார்ந்தார். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. கடிகாரம் ஓடியது. எழுத்துகள் தட்டத் தட்ட வந்தன. அறை குளிராக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி, அனுப்பு பொத்தானை அழுத்தினார்.

போகவில்லை.

மறுபடி அழுத்தினார்.

பழைய கணினிக்குத் தெரிந்தது பழைய சுவர் மட்டும். அதன் பாஷையில் பேச இப்போது மென்பொருளில் ஆள் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி, மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வீட்டில் வேறு சத்தம் இல்லை. அவர் இன்னொரு வரி எழுதினார். பிறகு எதற்கென்று தெரியாமல் இன்னும் ஒன்று. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஜெசிந்தா திரும்பி வந்து குடையை மடக்கினார்.

“அனுப்பிட்டீங்களா சார்?”

“எழுதிட்டேன். போக மாட்டேங்குது.”

ஜெசிந்தா தன் போனை எடுத்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் வரலையே. அப்ப எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

பொன்னுதுரை திரையில் தேங்கி நின்ற தன் வரிகளைப் பார்த்தார்.

தன் போனை எடுத்தார்.

“கலியபெருமாள் நம்பர் இருக்கா மேடம்?”

இருந்தது.

தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மறுபடி அடித்தார். அதே குரல். சாப்பிடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். வெயில் சாயும் நேரத்தில் மறுமுனையில் மணி அடித்தது.

முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு ஒரு மனிதக் குரல். பேசிப் பல நாளான குரல்போல இருந்தது.

“யாரு?”

“கலியபெருமாள் சாரா? நான் பொன்னுதுரை, ஏற்காட்டுலேர்ந்து. ஜெசிந்தா மேடம்கூட வேலை பாக்குறேன்.”

“சொல்லுங்க சார்.”

“உங்க நெட்வொர்க்...”

“போச்சு சார். அந்தப் புதுசைப் போட்டதுலேர்ந்து இல்லை. இருக்கறதே ஒரு பழைய கம்ப்யூட்டர், வெளியில எது போறதா இருந்தாலும் அது வழியாத்தான் போவணும். நான்தான் எங்கயோ தப்பாக் கைய வச்சுட்டேன்னு பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கேன்.”

“நீங்க இல்லை சார். நான்தான் பண்ணிட்டேன்.”

“ஓ.”

“பறவைக் கணக்கு அனுப்பணுமே. வரலையேன்னு ஆபீஸ்ல கேக்கலையா?”

“இல்லை சார். யாரும் கேக்கலை.”

“போன்லயாவது சொல்லியிருக்கலாமே?”

“யாருக்கு சார்?”

பொன்னுதுரை திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் ஜெசிந்தா, எடுத்த வரிகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

“பழைய பதிப்பைத் திரும்பப் போட்டாப் போதும் சார்” என்றார் பொன்னுதுரை. “சின்ன வேலைதான். குடிலுக்குப் போயிட்டுக் கூப்பிடுறீங்களா? கூடவே இருந்து சொல்றேன்.”

“அங்க போனுக்கு சிக்னல் கெடையாது சார், நெட்டு மட்டும் டிஷ்ல வரும். இந்த உப்பளக் கரை மேல ஏறினாத்தான் போன் எடுக்கும்.”

“அப்ப இப்பவே சொல்லிடறேன், கேட்டுக்குங்க. முதல்ல...”

“சார்.”

“சொல்லுங்க.”

காற்று இரைந்தது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று பொன்னுதுரை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

“அது கெடக்கட்டும் சார். செத்த நேரம் பேசிட்டு அப்புறம் சொல்லுங்களேன்.”